நப்கின் பொதிக்கு முன் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள்: கொழும்பில் மாதவிடாய் நலப் பணியில் இறங்குவோருக்கு

மே 28 நெருங்கினால் கொழும்பில் நப்கின் பொதிகளுக்குக் கிராக்கி கூடிவிடுகிறது. 2014 முதல் அந்த நாள் உலக மாதவிடாய் சுகாதார தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பழைய மாணவியர் சங்கம், கோயில் மகளிர் அணி, அலுவலக நலன்புரிச் சங்கம் என்று ஆளுக்கொரு பதாகையோடு புறப்படுகிறார்கள். ஒரு மண்டபம், ஒரு வைத்தியர், ஒரு மணிநேரப் பேச்சு, ஆளுக்கொரு பொதி, கடைசியில் குழுப்படம். பொதியில் இருக்கும் 10 நப்கின் மூன்று நாளைக்குக்கூடக் காணாது. அடுத்த மாதம் அந்தப் பிள்ளை பழையபடி அம்மம்மாவின் சேலைத் துண்டைத்தான் தேடுவாள்.

கொடுக்கும் மனதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஒரேயொரு இடத்தைத் தெரிவுசெய்து, அங்கேயே ஒரு வருடம் திரும்பத் திரும்பப் போங்கள். முதல் தடவை உங்களைப் பார்த்துத் தலையாட்டிய பெண், நாலாவது தடவைதான் வாயைத் திறப்பாள்.

இடத்தைத் தெரிவுசெய்தல்

கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ், வாழைத்தோட்டம், மாளிகாவத்தை, தெமட்டகொடை என்று கொழும்பின் வடக்கிலும் நடுவிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் 'தோட்டங்கள்' எனப்படும் நகரத்துக் குடியிருப்புகள் பல. முடுக்குக்குள் வரிசையாக வீடுகள். பல இடங்களில் குழாயும் மலசலகூடமும் பொது. அங்கிருந்து தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களுக்கு வீட்டுக்குள்ளேயே கழிவறை கிடைத்திருக்கிறது. அதோடு மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாத நாட்களும், குப்பையைக் கீழே தூக்கிக்கொண்டு இறங்கும் வேலையும் வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டு இடத்துக் கஷ்டமும் ஒன்றல்ல. ஒன்றுக்குத் தயாரித்த பேச்சை மற்றதில் அப்படியே ஒப்பிக்காதீர்கள்.

தோட்டங்களுக்கு வெளியேயும் ஆட்கள் இருக்கிறார்கள். புறக்கோட்டைத் துணிக்கடைகளில் காலையிலிருந்து மாலை வரை நின்றுகொண்டே வேலை செய்யும் மலையகப் பெண்கள், கடையின் ஒற்றைக் கழிவறைக்கு ஆண் ஊழியர்களோடு முறை வைத்துக் காத்திருக்கிறார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி அடுக்குமாடிகளில் சமையலும் துப்புரவும் செய்யும் பெண்களை எந்த அமைப்பும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு மட்டக்குளிக்குச் சேவை செய்யப் புறப்படுகிறவர்கள், தங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் எந்தக் கழிவறைக்குப் போகிறாள், பாவித்த நப்கினை எங்கே போடுகிறாள் என்று முதலில் விசாரித்துவிட்டுப் புறப்படலாம்.

யாரிடம் சொல்லிவிட்டுப் போவது

மாநகர எல்லைக்குள் பொதுச் சுகாதாரம் கொழும்பு மாநகர சபையின் பொறுப்பில் இருக்கிறது. ஆகவே நீங்கள் போக வேண்டியது அந்தப் பகுதிக்குரிய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு. அங்கே அதிகாரியைப் பார்த்துக் கடிதம் கொடுங்கள். அதைவிட முக்கியமாக, அந்தத் தோட்டத்துக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். பழைய ஆட்கள் இன்னும் மருத்துவிச்சி என்றே கூப்பிடும் அந்தப் பெண்தான் உங்கள் வேலையில் பாதி. வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் பதிவு செய்கிறவர் என்பதால் எந்த வீட்டில் யார் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் ஒரு வருடத்தில் போய்விடுவீர்கள். அவர் அங்கேதான் இருப்பார். அவருக்குத் தெரியாமல் ஒரு கூட்டமும் வைக்காதீர்கள். அவருக்குத் தமிழ் வராவிட்டால் மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பாலத்தைக் கட்டிக் கொடுத்தாலே பெரிய உதவி.

கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். பாடசாலை என்றால் அதிபரின் வாய்ச்சொல் போதாது. வலயக் கல்விப் பணிமனையின் எழுத்து அனுமதி வேண்டும். என்ன பேசப் போகிறீர்கள், யார் பேசுகிறார்கள், என்ன காட்டுவீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். 'சுகாதாரமும் உடற்கல்வியும்' பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியையை உங்களோடு சேர்த்துக்கொண்டால் அந்தப் பேச்சு பாடசாலைக்குச் சொந்தமாகிவிடும். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் பெற்றோரின் சம்மதக் கடிதம் கட்டாயம்.

முதல் தடவை போகும்போது பேச்சு வேண்டாம்

வெறுங்கையோடு போங்கள். இரண்டு பேர் போதும். பார்க்க வேண்டியவை இவை: மலசலகூடத்தின் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? உள்ளே வாளியும் கோப்பையும் இருக்கின்றனவா, அல்லது வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? இரவில் வெளிச்சம் உண்டா? குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வேகமாக வரும்? குப்பை எடுக்க வண்டி எந்தக் கிழமை வருகிறது? மூலைக்கடையில் நப்கின் விற்கிறார்களா, என்ன விலை, அதைத் தாளில் சுற்றித் தருகிறவர் ஆணா பெண்ணா?

பிறகு கொடியைப் பாருங்கள், துணி காயும் கொடியை. சீருடையும் சாரமும் துவாயும் வெயிலில் காயும். அவற்றுக்கு நடுவே ஒரு பழைய பாவாடை இரட்டையாகத் தொங்கும். அதற்கடியில்தான் மாதவிடாய்த் துணி இருக்கும், காற்றும் வெயிலும் படாமல். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொழும்பில் அடித்து ஊற்றும்போது அந்தத் துணி காயவே காயாது. ஈரத்தோடு மடித்து, ஈரத்தோடு கட்டுகிறார்கள். தொடையிடுக்கில் புண்ணும் அரிப்பும் வருகின்றன. "சுத்தமாக இருங்கள்" என்று மேடையில் சொல்வதால் இந்தத் துணி காயப்போவதில்லை. மேலே கூரையுள்ள, காற்றோட்டமான, ஆண்கள் வந்துபோகாத ஒரு மூலையில் ஒரு கொடி கட்ட இடம் கிடைக்குமா என்று பெண்களோடு சேர்ந்து தேடுங்கள். தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுங்கள். இருநூறு பொதியைவிட அந்த ஒரு தாழ்ப்பாள் அதிக நாள் உழைக்கும்.

நாளும் நேரமும்

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். காலையில் பூசை, அறநெறிப் பாடசாலை. பின்னேரம் தனியார் வகுப்பு. கொச்சிக்கடைப் பக்கம் செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டம் போகும். வெள்ளி நண்பகலில் முஸ்லிம் வீடுகளில் ஜும்ஆத் தொழுகைக்கான வேலைகள். தண்ணீர் வரும் நேரத்தில் ஒருவரும் கதிரையில் உட்காரமாட்டார்கள். போயா விடுமுறையன்று பின்னேரம் மூன்று மணியளவில் வைத்தால் பிள்ளைகளும் தாய்மாரும் ஓரளவுக்குச் சேருவார்கள். 45 நிமிடத்துக்குமேல் இழுக்காதீர்கள்.

பிள்ளைகளையும் தாய்மாரையும் ஒன்றாக உட்காரவைத்தால் பிள்ளைகள் கேள்வி கேட்கமாட்டார்கள், தாய்மார் உண்மையைச் சொல்லமாட்டார்கள். இரண்டு கூட்டமாக வையுங்கள், முதலில் தாய்மாருக்கு. அம்மம்மா, அப்பம்மா யாராவது வந்தால் அவரை முன்வரிசையில் இருத்துங்கள். வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று தீர்ப்புச் சொல்கிறவர் அவர். அவருக்கு மரியாதை கிடைத்தால் நீங்கள் சொன்னதில் பாதியையாவது அவரே வீட்டில் திருப்பிச் சொல்வார்.

பேச்சு

கர்ப்பப்பைப் படத்தோடு தொடங்காதீர்கள். ஒரு கண்ணாடிக் குவளை, ஒரு மேசைக்கரண்டி, கொஞ்சம் சிவப்பு சர்பத், இரண்டு நப்கின், ஒரு புதிய உள்ளாடை. இவ்வளவும் ஒரு பையில் போதும்.

"ஒரு மாதவிடாயில் மொத்தமாக எவ்வளவு இரத்தம் போகும்?" என்று கேளுங்கள். கைகளை அகலமாக விரித்துக் காட்டுவார்கள். அரை வாளி என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். குவளையில் மேசைக்கரண்டியால் இரண்டு கரண்டி சர்பத்தை ஊற்றுங்கள், வேண்டுமானால் இன்னும் அரைக்கரண்டி. சராசரியாகப் போவது இவ்வளவுதான், 30 முதல் 40 மில்லிலீற்றர். இன்னும் மூன்று கரண்டி ஊற்றி, 80 மில்லிலீற்றரைத் தாண்டினால் அதிக இரத்தப்போக்கு, வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். வேறு நீரும் கலந்து வருவதால் நப்கினில் கூடுதலாகத் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடம்பிலுள்ள இரத்தமெல்லாம் வடிந்துவிடும் என்று பயந்திருந்த பிள்ளையின் முகம் அந்தக் குவளையைப் பார்த்ததும் தெளிவதை நீங்களே காண்பீர்கள்.

அதே சர்பத்தை நப்கினில் மெதுவாக ஊற்றிக் காட்டுங்கள். (விளம்பரங்களில் ஊற்றும் நீல நிறத் திரவம் யாருடைய உடம்பிலிருந்து வருகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.) உறையைப் பிரிப்பது, ஒட்டும் பக்கத்தை உள்ளாடையில் ஒட்டுவது, சிறகை மடிப்பது எல்லாவற்றையும் கையால் செய்து காட்டுங்கள். ஒட்டும் பக்கத்தை உடம்பில் வைத்து, கழற்றும்போது அழுத பிள்ளைகள் உண்டு. சிரிக்க ஒன்றுமில்லை, அவர்களுக்கு யாரும் செய்து காட்டவில்லை. நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, போக்குக் குறைவாக இருந்தாலும், மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். கழுவுவதும் துடைப்பதும் முன்னிருந்து பின்னுக்கு. உள்ளே சவர்க்காரமோ வாசனைத் திரவமோ போடத் தேவையில்லை.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு: வெள்ளைச் சீருடை. கறை தெரிந்துவிடும் என்ற பயத்தில் இரண்டு நாள் வராமலே இருந்துவிடுகிறார்கள். ஒரு சிறிய துணிப்பையில் இரண்டு நப்கின், ஓர் உள்ளாடை, பழைய பத்திரிகைத் தாள், ஒரு சவர்க்காரத் துண்டு வைத்துப் புத்தகப்பையில் எப்போதும் போட்டுவைக்கச் சொல்லுங்கள். கறை பட்டால் குளிர்ந்த நீரில் உடனே அலச வேண்டும். சுடுநீர் பட்டால் இரத்தக்கறை துணியில் பிடித்துக்கொள்ளும். வகுப்பாசிரியையின் அலுமாரியில் ஒரு மாற்றுப் பாவாடையும் சில நப்கினும் வைக்க முடியுமா என்று பாடசாலையிடம் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்; யாரும் கேட்காததுதான் குறை.

பிறகுதான் உடம்பைப் பற்றிய விளக்கம், அதுவும் சுருக்கமாக. 10 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் எப்போது தொடங்கினாலும் வழமைதான். முதல் இரண்டு வருடம் முன்பின்னாக வரும். தாய்மார் பதறத் தேவையில்லை. வளர்ந்தவர்களுக்கு 21 முதல் 35 நாளுக்கு ஒருமுறை, இரண்டு முதல் ஏழு நாள் வரை. ஒரு கலண்டரில் முதல் நாளைக் குறித்துவைக்கப் பழக்குங்கள். வைத்தியர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

சாமத்தியம், துடக்கு, கோயில்

இங்கேதான் புதியவர்கள் வீணாகச் சண்டையில் மாட்டிக்கொள்கிறார்கள். சாமத்தியச் சடங்கை ஒழிக்க வந்தவர்போல் பேசினால் அன்றோடு கதவு சாத்தப்படும். சடங்கு நடக்கட்டும். உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுக்கட்டும். பச்சை முட்டையை மட்டும் அவித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், கிருமித் தொற்று வரலாம். மீனும் இறைச்சியும் கூடாது என்று நிறுத்திவைக்கும் வீட்டில், அந்த நேரத்தில்தான் பிள்ளைக்கு இரும்புச்சத்துத் தேவை என்று விளக்குங்கள். நெத்தலி, ஈரல், கௌபி, பயறு, முருங்கையிலை எல்லாம் எட்டக்கூடியவை. கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சோற்றோடு பிளேன்டீ குடித்தால் அவ்வளவாகச் சேராது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். கொழும்பில் இந்த ஒரு பழக்கத்தை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று எச்சரித்துவைக்கிறேன்.

தலைக்குக் குளிக்கலாமா என்று கேட்பார்கள், தாராளமாக. கோயிலுக்குப் போகலாமா என்றும் கேட்பார்கள். அது அவரவர் குடும்பமும் நம்பிக்கையும் சார்ந்தது, இரத்தத்தில் அசுத்தம் எதுவும் இல்லை என்று இரண்டு வசனத்தில் முடித்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் பெண்களுக்கு அந்நாட்களில் தொழுகையிலிருந்தும் நோன்பிலிருந்தும் விலக்கு உண்டு, நோன்பைப் பின்னர் நோற்பார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனாலே ராத்தாமார் உங்களை வேற்றாளாகப் பார்க்கமாட்டார்கள். ஆனால் மூன்று நாள் தரையில் படு, கிணற்றடிக்குப் போகாதே, கழிவறையைப் பாவிக்காதே என்ற கட்டுப்பாடுகள் உடம்புக்குக் கேடு செய்யும் இடத்தில் நின்று பேசத்தான் வேண்டும்.

கேள்விப் பெட்டி

ஒரு வெற்று பிஸ்கட் தகரப்பெட்டி வையுங்கள். எல்லோருக்கும் ஒரேயளவு தாள், ஒரேமாதிரிப் பென்சில். கேள்வி இல்லாதவர்களும் 'ஒன்றுமில்லை' என்று எழுதிப் போட வேண்டும். அப்போதுதான் யார் கேட்டார் என்று ஒருவருக்கும் தெரியாது. எழுதத் தெரியாத தாய்மாரிடம் பெட்டியை நீட்டாதீர்கள். கூட்டம் முடிந்ததும் உங்களில் ஒருவர் குழாயடியில் சும்மா நில்லுங்கள், தேடி வருவார்கள்.

அதிகம் வரும் கேள்வி வெள்ளைபடுதல். தெளிவாகவோ வெண்மையாகவோ, நாற்றமில்லாமல் வருவது இயல்பு; உடம்பு உருகி வெளியேறுவதல்ல. தயிர்போலத் திரண்டு அரித்தால், பச்சையாக அல்லது நாற்றத்தோடு வந்தால் கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

அடுத்தது வயிற்றுவலி. கர்ப்பப்பை சுருங்குவதால் வருவது. சுடுநீர்ப் பை, மெல்ல நடப்பது, தேவையென்றால் சாப்பிட்ட பின் வலி மாத்திரை. மெஃபெனமிக் அமிலம், ஐபுபுரோஃபென் போன்றவற்றை ஆஸ்துமாவோ வயிற்றுப்புண்ணோ உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் எடுக்கக்கூடாது. "கலியாணம் கட்டினால் சரியாகிவிடும்" என்ற வைத்தியத்தைக் கூட்டத்தில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். பாடசாலைக்கோ வேலைக்கோ போகவிடாத வலி எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) போன்ற நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு என்று அந்த இடத்திலேயே மறுத்துச் சொல்லுங்கள்.

சில தாள்களில் வேறு விடயம் இருக்கும். வீட்டில் ஒருவர் தொடுகிறார் என்று ஒரு பிள்ளை எழுதலாம், அல்லது பின்னர் வந்து சொல்லலாம். அப்போது "ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவி விசாரிக்கவும் வேண்டாம். சொன்னது நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு, சிறுவர்களுக்கான 1929 என்ற இலக்கத்தை அழையுங்கள். பெண்களுக்கு 1938. இந்த இரண்டு இலக்கங்களும் குழுவிலுள்ள எல்லோருக்கும் பாடமாக இருக்க வேண்டும்.

திருவிழா மாத்திரை

ஆடிவேல் திருவிழா நெருங்கும்போது, செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்பே, பார்மசிகளில் மாதவிடாயைத் தள்ளிப்போடும் ஒரு மாத்திரையைத் தேடிப் பெண்கள் வருவார்கள். கதிர்காமம் போகிறவர்கள், உம்ராவுக்குப் போகிறவர்கள், கலியாண வீட்டுக்காரர்கள் எல்லோரும் தேடுவது அதே நோர்எதிஸ்டெரோனைத்தான். மாதவிடாய்க்குச் சில நாட்கள் முன் தொடங்கினால் தள்ளிப்போகும். நிறுத்திச் சில நாளில் வந்துவிடும். வைத்தியர் பார்த்துக் கொடுத்தால் பயப்பட ஒன்றுமில்லை. இரத்தக்கட்டி வந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பமாக இருக்கக்கூடியவர்கள் அதை எடுக்கக்கூடாது. அது கர்ப்பத்தடையும் அல்ல. பக்கத்து வீட்டு அக்காவிடம் மிஞ்சிய அட்டையை வாங்கி விழுங்குவதும், தரம் 8 பிள்ளைக்குத் திருவிழாவுக்காகக் கொடுப்பதும்தான் நடக்கக்கூடாதவை. ஜூன் மாதக் கூட்டத்திலேயே இதைப் பேசிவிடுங்கள்.

எதைப் பாவிப்பது

ஒருவருக்கு நாளுக்கு 4, ஐந்து நாளுக்கு 20 நப்கின். தாயும் இரண்டு மகள்மாரும் உள்ள வீட்டுக்கு மாதம் 60, அதாவது பத்து அடங்கிய ஆறு பொதி. நாட்கூலி வீட்டில் இது அரிசியோடு போட்டிபோடும் செலவு. 2018 செப்டம்பர் வரை இறக்குமதி நப்கின் மீதான மொத்த வரி 101.2 சதவீதமாக இருந்தது, பிறகு குறைத்தார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் விலை மறுபடி எகிறியது. 2024 இல் பின்தங்கிய பாடசாலைகளின் மாணவிகள் ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்கு 1,200 ரூபா வவுச்சர் கொடுக்கும் திட்டம் வந்தது. நீங்கள் வேலை செய்யும் பாடசாலை இப்போது பட்டியலில் இருக்கிறதா, பிள்ளைகளுக்கு உண்மையில் கிடைத்ததா என்று அதிபரிடம் விசாரியுங்கள்.

துணி நப்கின் மலிவு; தைத்துக்கொள்ளவும் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் தண்ணீரும் வெயிலும் இல்லாத இடத்தில் அது நல்ல தெரிவல்ல. மழைக்காலத்தில் காய இரண்டு நாள் எடுக்கும் என்பதால் ஒருவருக்கு நாலைந்து போதாது, அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். குளிர்ந்த நீரில் ஊறவைத்து, சவர்க்காரம் போட்டு, நுரை போக அலசி, முழுதாகக் காயவைத்துப் பாவிக்க வேண்டும். மாதவிடாய்க் கோப்பை ஒன்று வாங்கினால் பல வருடம் உழைக்கும், 12 மணித்தியாலம் வரை உள்ளே வைக்கலாம். அதைக் கொதிக்கவைக்கத் தனிப் பாத்திரமும், கழுவத் தனிமையும் வேண்டும். பொதுக் கழிவறைக்கு வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு முதல் நாளிலேயே கோப்பையைப் பரிந்துரைப்பவர்கள் அந்த வரிசையில் ஒருமுறை நின்று பார்க்கட்டும். எல்லாவற்றையும் காட்டுங்கள்; தெரிவை அவர்களிடம் விடுங்கள்.

மூலைக்கடைக்காரரோடு ஒரு பேச்சுவார்த்தை நடத்தலாம். ஷாம்பூவைச் சிறு பைக்கற்றாக விற்கிறவர், தனித்தனி உறையிட்ட நப்கினை ஒன்றிரண்டாகவும் விற்கலாமே. முழுப் பொதிக்குக் காசு சேராத நாளில் அது பெரிய கை கொடுக்கும். கடையில் பெண்பிள்ளை யாராவது நிற்கும் நேரத்தையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

வீசுவது

மலசலகூடக் குழிக்குள் போடக்கூடாது. அடைத்துக்கொண்டால் முடுக்கு முழுவதற்கும் கழிவறை இல்லாமல் போகும். கால்வாயில் எறிந்தால் மழைக்கு அது வீட்டு வாசலுக்கே திரும்பி வரும். சுருட்டி, பத்திரிகைத் தாளில் சுற்றி, உக்காத குப்பையோடு சேர்த்துக் குப்பை வண்டிக்குக் கொடுக்க வேண்டும். வண்டி வரும்வரை வைத்திருப்பதுதான் பிரச்சினை: நாய் இழுக்கும், தம்பிமார் பார்ப்பார்கள். மூடியுள்ள ஒரு வாளியைப் பெண்கள் கழிவறையில் வைத்து, அதை யார் எந்தக் கிழமை வெளியே எடுப்பது என்று பெயர் போட்டு ஒரு முறைப்பட்டியல் வகுக்காமல் திரும்பாதீர்கள். வாளியை வாங்கிக் கொடுப்பது எளிது. முறை எழுதுவதில்தான் உங்கள் இரண்டாவது மூன்றாவது வருகை முழுவதும் போகும்.

வைத்தியரிடம் அனுப்ப வேண்டியவர்கள்

ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு நப்கின் நனைந்து, அது சில மணித்தியாலம் தொடர்ந்தால் உடனே வைத்தியசாலை. மயக்கம் வந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். ஏழு நாளுக்குமேல் நீளும் போக்கு, 15 வயதாகியும் தொடங்காதது, மூன்று மாதமாக நின்றுபோனது, இடையில் அல்லது உறவின் பின் இரத்தம் வருவது, காய்ச்சலோடு நாற்றமுள்ள கழிவு, படி ஏறினாலே மூச்சு வாங்குவது எல்லாம் காட்ட வேண்டியவை. மாதவிடாய் முற்றாக நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு துளி வந்தாலும் காட்ட வேண்டும். வயதான பெண்கள் இதைத்தான் மறைப்பார்கள்.

அரச வைத்தியசாலையில் பணம் கட்டத் தேவையில்லை. காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் டி சொய்சா மகளிர் வைத்தியசாலையும் கொழும்புக்குள்ளேயே இருக்கின்றன. 35, 45 வயதுப் பெண்களைக் குடும்பநல உத்தியோகத்தர் பெண்கள் நலக் கிளினிக்குக்கு அழைப்பார். சிங்களத்தில் சுவநாரி என்பார்கள். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை அங்கே நடக்கிறது. தரம் 6 பிள்ளைகளுக்கு 2017 முதல் பாடசாலையில் அந்தப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள்; பயந்து மறுக்கும் தாய்மார் இருந்தால் அதையும் பேசிவிடுங்கள். மொழிக்குப் பயந்து போகாமல் இருக்கும் பெண்ணுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதோடு நிற்காமல், முதல் தடவை கூடவே போங்கள்.

ஆண்கள்

தனியாக, ஓர் ஆண் பேச்சாளரோடு, கால்மணி நேரம். தகப்பன்மாரிடமும் அண்ணன்மாரிடமும் கேட்க வேண்டியது இரண்டுதான்: கடைக்குப் போனால் நப்கினை வாங்கி வாருங்கள், கழிவறை வரிசையில் அந்நாட்களில் முன்னே விடுங்கள். விரிவுரை தேவையில்லை.

பொதி, படம், கணக்கு

பொதி கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், ஒரே தடவையாகக் குவிக்காமல் மாதாமாதம் கொடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு மேடையில் கொடுக்காதீர்கள். உள்ளே தெரியாத தாள்பையில், வீட்டுக்கு. நப்கினோடு சவர்க்காரமும் இரண்டு உள்ளாடையும் வையுங்கள். உள்ளாடை இல்லாத பிள்ளைக்கு நப்கின் கிடைத்து என்ன பயன்? முகம் தெரியும் படம் வேண்டாம், பாடசாலைச் சின்னம் தெரியும் படமும் வேண்டாம். நன்கொடையாளர் படம் கேட்டால் தாழ்ப்பாளையும் வாளியையும் கொடியையும் எடுத்து அனுப்புங்கள். வரவுசெலவை ஒரு கொப்பியில் எழுதி, தோட்டத்துப் பெண் ஒருவரிடமும் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

களனி ஆறு பெருகும் காலத்துக்கு ஒரு தனிப் பை தயார் செய்துவையுங்கள். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் ஆயிரக்கணக்கானோர் வீடுகளைவிட்டு வெளியேறினார்கள். அப்படியான வேளையில் சோற்றுப் பார்சல் எல்லோரும் கொண்டுவருவார்கள். நப்கினும் மாற்று உள்ளாடையும் கறுப்பு நிறப் பையும் சிறிய ரோர்ச் லைட்டும் கொண்டுவருகிறவர்கள் குறைவு. தங்குமிடத்தில் பெண்களுக்கென்று ஒரு கழிவறையைப் பிரித்துக் கேட்பதும் உங்கள் வேலைதான்.

அடுத்த மாதம் போகும்போது பேச்சு வேண்டாம். கடந்த மாதம் எத்தனை பிள்ளைகள் பாடசாலைக்குப் போகாமல் நின்றார்கள், வாளியை யார் எடுத்தார்கள், தாழ்ப்பாள் கழன்றதா, கிளினிக்குக்குப் போன அக்காவுக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்டு, அதே கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள்.